கையெழுத்துப் போடும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு

பொதுப் பள்ளிகளுக்குக் காவல் பணியாளர்களை நியமிக்கும் கல்வித்துறை அலுவலர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பணியில் இருந்த காலத்தில் பள்ளிக் காவலர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நான்கு முறை உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் ஒருமுறை தவறு செய்தேன். அந்தத் தவறைப் பற்றி எழுதத்தான் இந்த மடல். உங்களுக்குச் சொல்லித்தர எனக்கு வேறு தகுதி கிடையாது.

அன்று பதினொரு பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம் ஒதுக்கியிருந்தோம். மதிய இடைவேளை மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் குழுவில் இருந்த மூவருக்குமே இருந்தது. ஆறாவதாக உள்ளே வந்தவரைப் பார்த்ததும் நாங்களே சற்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல உயரம், துடைத்துப் பளபளத்த ஷூ, கேட்டதற்கு மட்டும் பதில். கோப்பில் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ் முத்திரையோடு இருந்தது. அதற்குக் கீழே, கடைசியாக வேலை பார்த்த பள்ளியிலிருந்து "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று தொடங்கும் ஒரு கடிதம். நேரம் தவறாதவர், கடமை உணர்வு மிக்கவர், அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். விண்ணப்பப் படிவத்தில் "பணியை விட்ட காரணம்" என்ற கட்டத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருந்தார். அந்த வேலையை விட்டதற்கும் எங்களிடம் விண்ணப்பித்ததற்கும் நடுவே பதினான்கு மாதங்கள் எதுவும் எழுதப்படாமல் கிடந்தன. அதைப் பார்த்தேன். பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடுகூடப் போட்டேன். வாய் திறந்து கேட்கவில்லை. அவரையே வேலைக்கு எடுத்தோம்.

மூன்றாம் மாதம் எட்டாம் வகுப்பு ஆசிரியை என் அறைக்கு வந்தார். ஒரு மாணவி சில நாட்களாகப் பெரிய வாசல் வழியே வருவதில்லை, மதில் சுவரைச் சுற்றி நடந்து பக்கவாட்டுக் கதவு திறக்கும்வரை காத்திருந்து வருகிறாள் என்றார். அந்தப் பெண்ணுக்கு அது இருபது நிமிடச் சுற்று. உட்காரவைத்துப் பேசியபோது விஷயம் வெளியே வந்தது. தாமதமாக வரும் பெண்பிள்ளைகளிடம் "வீட்டுக்குச் சொல்லாமல் விடுகிறேன்" என்று சொல்லிக் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்வதும், இரவில் செய்தி அனுப்புவதும் அந்தக் காவலருடைய வழக்கமாக இருந்திருக்கிறது. அவளோடு சேர்த்து நான்கு பிள்ளைகள். அன்று மாலையே அவரை வெளியேற்றிப் புகார் கொடுத்தோம். அதற்கு மேல் எதுவும் நடக்கும் முன் தெரிந்துகொண்டோம் என்று பலரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை, ஏனென்றால் மறுநாள் காலை நான் ஒரு தொலைபேசி அழைப்பு செய்தேன். மூன்று மாதங்களுக்கு முன் செய்திருக்க வேண்டிய அழைப்பு அது.

அவருடைய முந்தைய பள்ளி அலுவலகத்தில் ஒரு பெண்மணி எடுத்தார். பெயரைச் சொன்னதும் ஒரு நொடி அமைதி.

"ஐயோ, அவரா? கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே, அம்மா."

"அப்படியானால் அந்தச் சான்றுக் கடிதம்?"

"பிரச்சினை இல்லாமல் போய்த் தொலையட்டும் என்று கொடுத்தோம்."

இந்த உரையாடல் முழுவதும் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

என் அனுபவம் விதிவிலக்கு என்று நீங்கள் நினைக்கக்கூடும் என்பதால், உலகமே அறிந்த ஒரு வழக்கை நினைவூட்டுகிறேன். 2002 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் இயன் ஹன்ட்லி. அவ்வூர் மேல்நிலைப் பள்ளியின் பராமரிப்பாளன். சாவிக்கொத்து அவன் கையில்தான் இருந்தது. வழக்கு முடிந்த பிறகு, அவனுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று ஆராய சர் மைக்கேல் பிச்சர்ட் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. 2004 ஜூனில் வந்த அந்த அறிக்கையைப் பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். 1995க்கும் 1999க்கும் இடையில் வேறொரு மாவட்டக் காவல்துறைக்கு அவன்மீது எட்டுப் பாலியல் குற்றப் புகார்கள் வந்திருந்தன. ஒன்றில்கூடத் தண்டனை இல்லை. அந்தத் தகவல்களை அந்தக் காவல்துறை ஒழுங்காகப் பேணி வைக்கவில்லை. பள்ளி இருந்த பகுதியின் காவல்துறையோ, அவன் விண்ணப்பத்தில் கொடுத்திருந்த நிக்ஸன் என்ற பெயரில் மட்டும் தேடிவிட்டு, ஹன்ட்லி என்ற பெயரில் தேடாமலே விட்டுவிட்டது. பள்ளியும் தன் பங்குக்கு அவன் முன்பு எங்கெங்கே வேலை பார்த்தான் என்பதைச் சரிபார்க்கவில்லை. யாருக்கென்று குறிப்பிடாமல் எழுதப்பட்ட பொதுப் பரிந்துரைக் கடிதங்களை அப்படியே நம்பியது.

"சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று தொடங்கும் கடிதங்கள்தான் அவையும். அதைப் படித்தபோது என் மேசையில் கிடந்த கோப்பு கண்ணுக்கு முன் வந்தது.

நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பதிவில் இருப்பதைத்தான் அது சொல்லும். பல இடங்களில் தண்டனையையும் நிலுவையில் உள்ள வழக்கையும் தாண்டி அது போவதில்லை. புகார் காவல் நிலையம்வரை போகாமல் தலைமை ஆசிரியர் அறையிலேயே பேசி முடிக்கப்பட்டிருந்தால், ஆள் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுக் கண்ணியமாகக் கிளம்பியிருந்தால், அந்தத் தாள் வெள்ளையாகத்தான் இருக்கும். பள்ளிகளில் இப்படிப் பேசி முடிக்கப்படுவது எவ்வளவு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நமக்கு வேண்டாதவரைப் பக்கத்துப் பள்ளிக்குத் தள்ளிவிடும் இந்தப் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டவர் என்று தெரிந்தும் ஒருவருக்கு வேறு பள்ளியில் வேலை கிடைக்க உதவுவதைத் தடுக்க வேண்டும் என்று அமெரிக்கா 2015இல் ஒரு கல்விச் சட்டத்திலேயே பிரிவு சேர்க்க வேண்டி வந்தது. பழக்கம் எவ்வளவு வேரூன்றியிருந்தால் அதற்கென்று சட்டம் எழுத வேண்டியிருக்கும்!

ஆகவே சான்றிதழ் சொல்லாததை, முன்பு அவரோடு வேலை பார்த்த மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் தாமாக வந்து சொல்லமாட்டார்கள். கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. விண்ணப்பதாரர் கொடுக்கும் கைப்பேசி எண்ணை அழைக்காதீர்கள். அதை எடுப்பவர் அவருடைய மைத்துனராக இருக்கலாம். அந்தப் பள்ளியின் அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்லவர்தான்" என்று பதில் வரும். யாரும் யாருடைய பிழைப்பிலும் மண் போட விரும்புவதில்லை. "இன்று உங்களிடம் காலியிடம் இருந்தால் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். பொய் சொல்ல மனம் வராதவர்கள் இந்தக் கேள்விக்கு முன்னால் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். "பிள்ளைகள் தொடர்பாக அவர்மீது ஏதேனும் புகார், எழுத்திலோ வாய்மொழியாகவோ, வந்ததுண்டா?" என்பது இரண்டாவது கேள்வி. பேசியவர் பெயர், பதவி, தேதி, நேரம் எல்லாவற்றையும் கோப்பில் எழுதிக் கையெழுத்திடுங்கள். இங்கிலாந்தில் பள்ளிகளுக்கான அரசு வழிகாட்டி, பரிந்துரைகளை நேர்முகத் தேர்வுக்கு முன்பே நேரடியாகக் கேட்டு வாங்கச் சொல்கிறது. பொதுக் கடிதங்களை நம்ப வேண்டாம் என்கிறது. தேர்வுக் குழுவில் ஒருவராவது இதற்கென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. அவர்கள் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டதை நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

தகவல் வந்து சேர்ந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2022 மே 24 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் யுவால்டி என்ற ஊரின் ஆரம்பப் பள்ளி ஒன்றில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சம்பவ இடத்துக்கு 376 காவலர்கள் வந்தும், கொலையாளியை நெருங்க 77 நிமிடம் ஆனது. அந்தக் கொடுமை முடிந்து சில மாதங்களுக்குள், அதே ஊரின் பள்ளி நிர்வாகம் தன் பள்ளிக் காவல் பிரிவுக்குப் புதிதாக ஆள் எடுத்தது. எடுக்கப்பட்டவர்களில் ஒருவர், அன்று முதலில் வந்து சேர்ந்த மாநிலக் காவலர்களில் ஒருவர். அன்றைய நடத்தைக்காக அவர்மீது விசாரணை நடந்துகொண்டிருந்தது. விசாரணை நடப்பதை அவருடைய பழைய துறை ஜூலையிலேயே பள்ளி நிர்வாகத்துக்குத் தெரிவித்திருந்தது. அக்டோபரில் ஒரு தொலைக்காட்சிச் செய்தி அதை வெளியிட்ட மறுநாள்தான் நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அதற்கடுத்த நாள் தன் காவல் பிரிவு முழுவதன் பணியையுமே நிறுத்தி வைத்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள், பள்ளிக்கூட வாசலில் அந்தச் சீருடையை மறுபடி பார்க்க நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். தகவல் இருந்தது. வந்த தாளை யார் படித்தார்கள், படித்தவருக்கு நியமனத்தைத் தடுக்கும் அதிகாரம் இருந்ததா என்பதுதான் கேள்வி. உங்கள் அலுவலகத்தில் அந்தத் தாள் யார் மேசைக்குப் போகும் என்று இன்றைக்கே விசாரித்துப் பாருங்கள். "அது தபால் பிரிவுக்குப் போகும், பிறகு..." என்று பதில் இழுத்தால், ஓட்டை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே புரியும்.

நியமனம் ஆன பிறகு வரும் புகார்களும் இதே கதைதான். 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபோது, ஆயுதத்தோடு இருந்த காவல் அதிகாரி உள்ளே போகாமல் வெளியே நின்றதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அங்கே ஆயுதம் இல்லாத கண்காணிப்பாளர் ஒருவரும் இருந்தார். துப்பாக்கிப் பையோடு இறங்கி நடந்தவனை முதலில் கண்டவர் அவர்தான். வாக்கிடாக்கியில் சக ஊழியருக்குச் சொன்னார். பள்ளி முழுவதையும் பூட்டச் சொல்லும் எச்சரிக்கையை எழுப்பவில்லை. இதே மனிதர்மீது முந்தைய ஆண்டே மாணவிகளிடம் தகாத முறையில் பேசியதாகப் புகார் வந்து, விசாரித்த குழு அவரை வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரைத்திருந்தது. மேலிடம் மூன்று நாள் இடைநீக்கத்தோடு முடித்துக்கொண்டது. அவரை நீக்கியிருந்தால் அன்று உயிர்கள் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. வாசலில் யார் நிற்பது என்ற கேள்வியை அந்த நிர்வாகம் ஏற்கெனவே ஒருமுறை சில்லறை விஷயமாகத் தள்ளிவிட்டது என்பது மட்டும் தெரிகிறது.

இனி ஒப்பந்த ஊழியர்கள். இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யும் நிர்வாகங்கள்கூட இந்த இடத்தில் வழுக்கி விழுகின்றன. "நாங்கள் ஆள் எடுப்பதில்லை, ஏஜென்சிதான் அனுப்புகிறது" என்பார்கள். குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்த நிறுவனம், சரிபார்ப்புச் செலவில்தான் முதலில் கை வைக்கும் என்பது டெண்டர் கொடுத்தவருக்குத் தெரியாதா? காவலாளிக்கு யார் சம்பளப் பட்டுவாடா செய்கிறார்கள் என்பது பிள்ளைக்குப் பொருட்டே இல்லை; சீருடை போட்டவர் சொன்னால் அது கேட்கும். இந்தியாவில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கின்றன. குழந்தைகளோடு தொடர்பில் வரும் ஒவ்வொரு ஊழியருக்கும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, காவல்துறை சரிபார்ப்பும் பின்னணி ஆய்வும் குறிப்பிட்ட கால இடைவெளியில் நடக்க வேண்டும். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் மாதிரி விதிகளும் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பறைப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கேட்கின்றன. தாளில் எல்லாம் இருக்கிறது. வாசலில் நிற்பவரிடம் போய் "எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு தனித் தொல்லை, பதிலாள். வழக்கமாக வருபவருக்குக் காய்ச்சல் என்றால் ஏஜென்சி வேறொருவரை அதே சட்டையை மாட்டி அனுப்பிவிடும். ஒருநாள் காலை வாசலில் நின்றவருடைய சட்டைப் பையில் வேறொருவர் பெயர் தைத்திருந்தது. "நீங்கள் யார்?" என்று கேட்டேன். "இன்றைக்கு மட்டும், மேடம்" என்றார். அவர் கையில் பள்ளியின் எல்லாச் சாவிகளும் இருந்தன. அன்றுமுதல் எங்கள் பள்ளியில் ஒரு விதி வைத்தோம்: சரிபார்த்த பட்டியலில் பெயர் இல்லாதவர் வாசலில் நிற்கக்கூடாது, ஆள் இல்லாவிட்டால் உடற்கல்வி ஆசிரியரும் நானும் மாறி மாறி நிற்போம். மழைக்காலத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களும் உண்டு. ஏஜென்சிக்காரர் இரண்டே வாரத்தில் வழிக்கு வந்தார்.

நேர்முகத் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. உயரத்தையும் மார்பளவையும் அளக்க அலுவலக உதவியாளர் போதும். குழு உட்கார்ந்திருப்பது அதற்காக இல்லை. கடைசி இரண்டு முறை நான் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னேன். பிற்பகல் இரண்டு மணி. ஒருவர் வந்து, நான்தான் இந்தப் பிள்ளையின் அப்பா, இப்போதே கூட்டிப்போக வேண்டும் என்கிறார். பதிவேட்டில் அம்மாவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவர் சத்தம் போடுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒருவர், "அப்பா என்கிறாரே, அனுப்பிவைப்பேன்" என்றார். திடகாத்திரமான இளைஞர் ஒருவர், "கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவேன்" என்று சொல்லிவிட்டு நாங்கள் மெச்சுவோம் என்று காத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி கொஞ்சம் யோசித்தார். "கதவைத் திறக்கமாட்டேன், அம்மா. வெளியே நாற்காலி போட்டு உட்காரச் சொல்வேன், தண்ணீர் கொடுப்பேன். உள்ளே உங்களுக்குச் சொல்லி அனுப்புவேன். பிள்ளைக்கு அவர் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொள்வேன்" என்றார். கடைசி வாக்கியத்தை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவருடைய முந்தைய இடத்துக்கும் போன் செய்தேன். திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, "முதலில் எங்களிடமிருந்து ஏன் பிடுங்கிக்கொள்கிறீர்கள்?" என்று சண்டைக்கு வந்தார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இதையெல்லாம் படித்துவிட்டுக் காவலாளியையும் ஓட்டுநரையும் துப்புரவுப் பணியாளரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பார்க்கத் தொடங்கினால் நான் எழுதியது வீண். 2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு பள்ளிக்குள் சிறுவன் கொல்லப்பட்டபோது, அன்றே பஸ் நடத்துநரைப் பிடித்தார்கள். ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அறிவித்தார்கள். நாடே அவரைத் தூற்றியது. பிறகு மத்தியப் புலனாய்வுத் துறை அதே பள்ளி மாணவன் ஒருவனைக் கைது செய்தது. நடத்துநரை நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுவித்தது. ஏழை என்பதாலும் சீருடை மலிவானது என்பதாலும் சந்தேகம் முதலில் யார்மேல் விழுகிறது என்று அந்த வழக்கு காட்டிக்கொடுத்தது. முன்வரலாற்றை விசாரிப்பது அப்படிப்பட்ட சந்தேகத்துக்கும் மாற்று மருந்துதான். விண்ணப்பத்தில் இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள், சொல்லும் பதிலைக் காதுகொடுத்துக் கேளுங்கள். நோயில் படுத்த தாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். இளவயதில் ஒரு கைகலப்பு வழக்கு இருந்திருக்கலாம். அதற்காக இருபது வருடம் கழித்தும் கதவடைக்க வேண்டியதில்லை. முந்தைய பள்ளி அவரைப் பற்றி ஏதேனும் குறை சொன்னால், அதை அவர் முன் வைத்து விளக்கம் கேட்ட பிறகே முடிவெடுங்கள். அது பழிவாங்குவதற்காகச் சொன்னதாகவும் இருக்கக்கூடும். அதோடு, பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு வாய்க்கும் வயிற்றுக்கும் போதாத சம்பளம் கொடுத்துவிட்டு நல்ல ஆள் நிலைக்கவில்லை என்று அங்கலாய்ப்பதில் நியாயமில்லை.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. புதிய சட்டம் வேண்டாம், புதிய கேமராவும் வேண்டாம். அடுத்த நியமன ஆணையில், முந்தைய இரண்டு பணியிடங்களோடு பேசிய விவரத்தைப் பேசியவரின் கையெழுத்தோடு இணைக்காமல் கோப்பு மேலே போகாது என்று ஒரு வரி சேருங்கள். சரிபார்ப்பு முடியும்வரை தற்காலிகமாகக்கூட வாசலில் நிறுத்துவதில்லை என்று இன்னொரு வரி. ஒப்பந்தத்தில் பதிலாளுக்கும் இதே நிபந்தனை. உங்களிடமிருந்து விலகிப் போகிறவரைப் பற்றி வேறு பள்ளி கேட்டால் உண்மையைச் சொல்லவும், கேட்காமலே எதிர்காலம் சிறக்க வாழ்த்துக் கடிதம் அடித்துக் கொடுக்காமலிருக்கவும் உங்கள் அலுவலகத்துக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். இந்தக் கடைசி உத்தரவைப் பிறப்பிக்கத்தான் அதிகம் தயங்குவீர்கள் என்று அனுபவத்தில் தெரியும். அந்த மனிதரை நாங்கள் வெளியேற்றிய வாரமே எங்கள் எழுத்தர், "வழக்கமான சான்று தட்டச்சு செய்யவா, மேடம்?" என்று என்னிடம் கேட்டார். பழக்கதோஷம்தான்; அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த மாதிரித் தாளை நான் வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து வேறொரு பள்ளியிலிருந்து ஒருவர் என்னை அழைத்தார். அந்தப் பெயரைச் சொல்லி, "இவரை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியை